ஸ்பைடர்மேன் ஆறுமுகம்

இந்த வாரம் சம்பளக் கணக்கையும் வீட்டுப் பிரச்சினையையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு ஒரு காற்பந்தாட்டக்காரரைப் பற்றிப் பேசுவோம். ஓரமாக வைத்தாலும் அது தானாக எழுந்து வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும், அது வேறு விஷயம்.

ஆர். ஆறுமுகம் என்று சொன்னால் போதும், ஐம்பது வயதைத் தாண்டிய நம்ம ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். சிலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் கோல் காத்தவர். கை அவ்வளவு நீளம். மேலே வருகிற பந்தை மற்றவர்கள் குதித்துக் குத்தி விரட்டும்போது இவர் எட்டிப் பிடித்து மார்போடு அணைத்துக்கொள்வார். அதனால் ஸ்பைடர்மேன் என்று பேர் வந்தது. அந்தப் பேர் மலாய்க்காரர் வாயிலும் சீனர் வாயிலும் தமிழர் வாயிலும் ஒரே மாதிரி புழங்கியது. ஓர் ஆட்டக்காரருக்கு அதைவிடப் பெரிய பட்டம் எதுவும் இந்த நாட்டில் கிடையாது.

இளைய பிள்ளைகளுக்கு அவரைத் தெரிய வழியில்லை. 2016இல் வந்த ஓலா போலா என்ற படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் முத்து என்று ஒரு கோல்கீப்பர் வருகிறாரே, அந்தப் பாத்திரத்துக்கு மூலம் நம்ம ஆறுமுகம்தான். படத்தில் கற்பனை நிறையக் கலந்திருக்கிறது. கதையின் முதுகெலும்பாக இருக்கிற 1980ஆம் ஆண்டு ஆட்டம் மட்டும் நிஜம். அதற்கு அப்புறம் வருவோம்.

ஆறுமுகம் பிறந்தது 1953 ஜனவரி 31ஆம் தேதி. மலாயா இன்னும் வெள்ளைக்காரன் கையில்தான் இருந்தது, அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. போர்ட் கிள்ளானுக்கு அப்போது போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பேர். அந்தத் தலைமுறைப் பையன்களுக்குப் பொழுதுபோக்கு என்று ஒன்று இருந்தால் அது பந்துதான். துறைமுகத்துக் குடியிருப்பிலும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்சிலும் கிள்ளானைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களிலும் சாயங்காலம் ஆனால் திடலில் ஆள் நிரம்பிவிடும். தோட்டத் துரைமார்களுக்கும் பந்து பிடிக்கும். தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்டம் வைத்தார்கள். காலையில் பால் வெட்டிவிட்டு வந்தவன் சாயங்காலம் பூட்ஸ் இல்லாமலே ஆடினான். அவன் ஆட்டத்தைப் பார்க்க லயமே திரண்டு வந்து நின்றது. துரைமாரின் நோக்கம் என்னவாக இருந்தாலும் திடல் திடல்தானே. அதில் ஓடி ஓடிக் கால் உறுதியான பையன்களில் நாலு பேர் பள்ளிக்கூட அணிக்குப் போனார்கள், இரண்டு பேர் மாவட்டத்துக்குப் போனார்கள், ஒருவன் மாநிலத்துக்குப் போனான்.

இந்த ஏணியைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்படி தோட்டத்துத் திடல். அடுத்த படி பள்ளிக்கூடமும் ஊர் லீக்கும். அதற்கு மேலே பர்ன்லி கிண்ணம் என்ற இளைஞர் போட்டி, மாநிலத்துக்கு மாநிலம் நடக்கும். அதற்கும் மேலே மலேசியக் கிண்ணம். உச்சியில் நாட்டு அணி. மாநில அணியில் பதினோரு இடம் இருந்தால் அந்தப் பதினோரு இடத்துக்கும் ஆள் இந்த ஏணியில்தான் ஏறி வந்தாக வேண்டும், வேறு வழி கிடையாது. கீழே திடலை விட்டுவிட்டால் மேலே அணியே இல்லாமல் போய்விடும் என்பது மாநிலச் சங்கத்துக்குத் தெரியும். அதனால் கீழே ஆள் தேடி வந்தார்கள்.

இன்னொரு சங்கதி, அந்தக் காலத்தில் பந்தாடிப் பிழைக்க முடியாது. ஆட்டக்காரருக்கு ஓர் உத்தியோகம் இருக்கும். அரசாங்க இலாகா, வங்கி, மின்சார வாரியம், மாநில வளர்ச்சிக் கழகம் இப்படி ஏதாவது ஒன்றில் வேலை. மொக்தார் டஹாரி போன்ற பெரிய ஆட்டக்காரரே சிலாங்கூர் மாநில வளர்ச்சிக் கழகத்தின் ஆள்தான். காலையில் ஆபீஸ், சாயங்காலம் பயிற்சி. ஆட்டத்துக்குக் கிடைத்தது படிக்காசு அளவுதான். பணக்காரர் ஆகவில்லை, ஆனால் முட்டி உடைந்தால் வேலை இருந்தது, மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது, ஓய்வுக்கு வருங்கால வைப்புநிதி இருந்தது. இதை நான் ஏதோ பழைய காலத்துப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சங்கக்காரன் கண்ணுக்கு முதலில் படுவது இதுதான்.

இப்படிப்பட்ட காலத்தில்தான் ஆறுமுகம் சிலாங்கூரின் சிவப்பு மஞ்சள் அணிக்கு வந்து சேர்ந்தார். அந்த அணியின் பலத்தை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். 1971 முதல் 1986 வரை பதினாறு ஆண்டுகளில் பதினொரு முறை மலேசியக் கிண்ணம் சிலாங்கூருக்கு வந்தது. முன்னே மொக்தார், பின்னே சந்தோக் சிங், கம்பத்துக்கு நடுவே ஆறுமுகம். மலாய்க்காரர், சீக்கியர், தமிழர், சீனர் என்று பதினோரு பேரையும் வரிசையாக நிற்க வைத்தால் மலேசியாவே நிற்கிற மாதிரி இருக்கும். இறுதி ஆட்டத்தில் எதிரே வந்து நிற்பது பல தடவை சிங்கப்பூர். 1978, 1979, 1981 ஆகிய மூன்று ஆண்டும் சிங்கப்பூரைத் தோற்கடித்துத்தான் சிலாங்கூர் கிண்ணத்தைத் தூக்கியது.

கோல்கீப்பர் வேலை ஒரு வகையில் காவல்காரர் வேலை மாதிரி. எண்பது நிமிடம் ஒன்றும் நடக்காது, பத்து நிமிடத்தில் எல்லாம் நடந்துவிடும். நன்றாகக் காத்த நாளில் முன்னே கோல் போட்டவன் படம்தான் பேப்பரில் வரும். ஒன்றை விட்டுவிட்டால் மறுநாள் இவர் பேர்தான் எல்லாக் கடையிலும். அந்த வேலையில் பத்து வருஷத்துக்கு மேல் நாட்டுக்காக ஒருவர் நின்றார் என்றால் கை நீளம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. தலை நிதானமாக இருந்திருக்க வேண்டும். கார்னர் பந்து உயர்ந்து வரும்போது எப்போது வெளியே போவது, எப்போது கோட்டிலேயே நிற்பது என்று ஒரு கண் இமைப்பில் முடிவு செய்கிற நிதானம் அது. பார்த்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்: அவர் கோட்டை விட்டு வெளியே வந்தாலே மேலே வந்த பந்து அவருக்குத்தான் என்று தற்காப்பாளர்கள் மூச்சு விடுவார்களாம்.

நாட்டு அணிக்கும் அது பொற்காலம். மெர்டேக்கா கிண்ணத்தை மலேசியா 1973, 1974, 1976, 1979 என்று நான்கு தடவை அந்த ஒரே பத்தாண்டில் வென்றது. தென்கிழக்காசிய விளையாட்டில் 1977இலும் 1979இலும் தங்கம். இன்று மலேசியா எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு இதைப் படித்தால் நெஞ்சு கொஞ்சம் வலிக்கும்.

இப்போது 1980க்கு வருவோம். மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு ஆசியாவிலிருந்து போகிற அணிகளைத் தேர்ந்தெடுக்கிற போட்டி கோலாலம்பூரில் மெர்டேக்கா அரங்கத்தில் நடந்தது. தென் கொரியா, ஜப்பான், இந்தோனேசியா எல்லாம் வந்திருந்தன. ஏப்ரல் 6ஆம் தேதி முடிவான ஆட்டம், மலேசியாவும் தென் கொரியாவும். அரங்கத்தில் எள் போட்டால் எண்ணெய் எடுக்கலாம், அவ்வளவு கூட்டம். உள்ளே போக முடியாதவர்கள் வானொலிப் பெட்டியையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் சூழ்ந்துகொண்டார்கள்.

ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. கொரியர்கள் விடாமல் தாக்குகிறார்கள், பந்து திரும்பத் திரும்ப மலேசியக் கம்பத்தைத் தேடி வருகிறது. அந்த நேரத்தில் ஆறுமுகத்தின் கை இல்லாவிட்டால் கதை வேறாக முடிந்திருக்கும். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் சபாவைச் சேர்ந்த ஹசான் சானி பந்தைக் கொண்டுபோய்க் கொடுக்க, இன்னொரு சபாக்காரர் ஜேம்ஸ் வோங் அதை உள்ளே தள்ளினார். இரண்டுக்கு ஒன்று. கேப்டன் சோ சின் ஆன் தலைமையில் மலேசியா ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. 1972 மூனிக் ஒலிம்பிக்குக்கு எம். சந்திரன் கேப்டனாக அணியைக் கொண்டுபோனதற்குப் பிறகு இது இரண்டாவது தடவை. முதல் தடவை கேப்டன் தமிழர், இரண்டாம் தடவை கோல்கீப்பர் தமிழர் என்பதையும் சும்மா நினைவில் வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

ஆனால் அவர்கள் மாஸ்கோ போகவில்லை. 1979 கடைசியில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. அதைக் கண்டித்துப் பல நாடுகள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன, மலேசியாவும் சேர்ந்துகொண்டது. அரசாங்கத்தின் முடிவு சரியா தப்பா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. வேலை செய்தவன் ஒருவன், முடிவு எடுப்பவன் வேறொருவன் என்பது நமக்குப் புதிதா என்ன. ஆறுமுகத்துக்கு அப்போது வயது 27. கோல்கீப்பருக்கு அதுதான் நல்ல வயது. அதற்குப் பிறகு இன்றுவரை மலேசியக் காற்பந்து அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை.

அடுத்த மாதமே மலேசியக் கிண்ண இறுதி ஆட்டம். சிலாங்கூரைச் சிங்கப்பூர் இரண்டுக்கு ஒன்றில் வென்றது. அந்த ஆட்டத்தில் கோல் போட்ட சிங்கப்பூர்ப் பையனுக்குப் பதினெட்டு வயதுகூட நிரம்பவில்லை. பேர் ஃபண்டி அகமது. இந்தப் பையனைக் கவனியுங்கள், நம் கதையில் இவருக்கும் வேலை இருக்கிறது.

ஃபண்டியும் சிங்கப்பூர்க் கோல்கீப்பர் டேவிட் லீயும் பிறகு இந்தோனேசியாவுக்குப் போய் சுராபாயாவின் நியாக் மித்ரா அணிக்கு ஆடினார்கள். பிழைப்புத் தேடிக் கடல் கடந்த ஆட்டக்காரர்கள் என்று நம் வட்டாரத்தில் முதலில் பேசப்பட்டவர்களில் அவர்கள் உண்டு. அணி நன்றாக ஆடியது. ஆனால் வெளிநாட்டு ஆட்டக்காரரே வேண்டாம் என்று 1983இல் இந்தோனேசியச் சங்கம் கதவை மூடியது. இருவரும் கிளம்ப வேண்டியதாயிற்று. ஃபண்டி ஐரோப்பாவுக்கு, ஹாலந்து நாட்டு குரோனிங்கன் அணிக்குப் போனார். பெர்மிட் முடிந்ததும் மூட்டை கட்டச் சொல்வது தோட்டத்தில் மட்டும்தான் நடக்கும் என்று நினைத்திருப்போம். பேர் பெற்ற ஆட்டக்காரனுக்கும் அதுதான் கதி.

பிறகு 1980களின் பிற்பகுதியில் ஃபண்டி, மாலேக் அவாப், தமிழரான கே. கண்ணன் ஆகிய சிங்கப்பூர் ஆட்டக்காரர்கள் கோலாலம்பூர் அணிக்கு வந்தார்கள். 1987, 1988, 1989 என்று மூன்று வருஷம் தொடர்ந்து மலேசியக் கிண்ணம் கோலாலம்பூருக்கே. பக்கத்து வீட்டு சிலாங்கூர் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியாளைக் கூட்டி வந்தால் கிண்ணம் வரும் என்று எல்லா மாநிலமும் கணக்குப் போட ஆரம்பித்தது அப்போதுதான். அதே காலத்தில் ஆறுமுகத்தின் தலைமுறைக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. 1986இல் சிலாங்கூர் வாங்கிய கிண்ணம்தான் அந்த வரிசையின் கடைசி. அடுத்ததற்கு 1995 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இங்கே கொஞ்சம் திடலை விட்டுத் தோட்டத்துக்குள் வருவோம். ஏனென்றால் அதே ஆண்டுகளில் நம் தோட்டத்திலும் இதே ஆட்டம்தான் நடந்தது. 1984இல் மேடான் ஒப்பந்தம் கையெழுத்தானது. தோட்டத்துக்கும் வீட்டு வேலைக்கும் இந்தோனேசியாவிலிருந்து ஆள் எடுக்க வழி செய்தது அது. அதற்கு முன்பே குத்தகைக்காரர்கள் மூலம் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். சங்கம் கூலி உயர்வு கேட்டால் மேனேஜர் மேசையில் மறுபேச்சு தயாராக இருந்தது: நீங்கள் இல்லாவிட்டால் வேறு ஆள்.

வந்தவன் மேல் கோபப்படுவது சுலபம். ஆனால் நம் தாத்தாமார் யார்? அவர்களும் வரவழைக்கப்பட்டவர்கள்தானே. கூலி ஏறாமல் இருக்கத்தானே கங்காணி ஊர் ஊராகப் போய் ஆள் பிடித்து வந்தான்? 1938இல் இந்திய அரசாங்கம் உதவி பெற்று மலாயாவுக்கு ஆள் போவதைத் தடுத்தது. புது ஆள் வருவது நின்றதும் இங்கே இருந்தவன் குரலுக்குக் கொஞ்சம் மதிப்பு வந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மாபெரும் வேலைநிறுத்தம் நடந்தது. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்டார்கள், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குகிற வழக்கத்தை ஒழிக்கக் கேட்டார்கள். பட்டாளம் வந்து சுட்டது, உயிர் போனது. ஆள் வரவு என்கிற குழாயைத் திறப்பதும் மூடுவதும் எப்போதும் முதலாளி கையில் இருந்தது. 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் இல்லை என்று ஏறக்குறைய 60,000 இந்தியர் கப்பலேறித் திரும்பிப் போனதும் அந்தக் குழாயின் இன்னொரு திருகுதான். ஆகவே வெளிநாட்டு ஆட்டக்காரன் வந்தான், நம்ம பையன் கெட்டான் என்று நான் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போக மாட்டேன். குழாய் யார் கையில் என்றுதான் பார்க்க வேண்டும்.

ஆறுமுகம் இந்தப் புதுக் காலத்தைப் பார்க்காமலே போய்விட்டார். 1988 டிசம்பர் 18ஆம் தேதி ஒரு கார் விபத்தில் இறந்தார். வயது 35தான். மேலே வந்த பந்தையெல்லாம் பிடித்த கை அப்படி அடங்கும் என்று யார் நினைத்தது. மூன்று வருஷம்கூட ஆகவில்லை, 1991 ஜூலையில் நரம்பு நோயால் மொக்தார் டஹாரியும் 37 வயதில் போனார். முன்னே நின்றவரும் பின்னே நின்றவரும் நாற்பதைத் தொடவில்லை.

ஆறுமுகம் இறந்த மறு ஆண்டு, 1989இல், பாதித் தொழில்முறை லீக் தொடங்கியது. வெளிநாட்டு ஆட்டக்காரரை எடுத்துக்கொள்ள அணிகளுக்கு அனுமதி. செக்கோஸ்லோவாக்கியா, ஆஸ்திரேலியா என்று ஆட்கள் வந்து இறங்கினார்கள். 1994இல் முழுத் தொழில்முறை. 1996இல் இங்கிலாந்து நாட்டு அணிக்கு ஆடிய டோனி காட்டியே சிலாங்கூருக்கு வந்தார். சும்மா சொல்லக்கூடாது, ஆட்டத்தின் வேகம் கூடியது, அரங்கம் நிரம்பியது. நல்ல ஆட்டக்காரன் பக்கத்தில் ஆடினால் நம்ம பையனும் நாலு விஷயம் கற்றுக்கொள்வான், அதையும் மறுக்க முடியாது.

ஆனால் எந்த இடத்துக்கு ஆள் எடுத்தார்கள் என்று பாருங்கள். கோல் போடுகிற முன்வரிசைக்கு, அல்லது தற்காப்பின் நடுவுக்கு. அணியின் முதுகெலும்பு முழுக்க வாங்கிய எலும்பு. நம்ம பையன் ஓரத்தில் ஓடலாம், இல்லாவிட்டால் பெஞ்சில் உட்காரலாம். இருபது வயதில் ஆடாதவன் இருபத்தைந்தில் எங்கே ஆடப் போகிறான்? கோல் போடுகிறவனை வளர்க்கப் பத்து வருஷம் பிடிக்கும், வாங்கப் பத்து நாள் போதும். மாநிலச் சங்கத்துக்கு இந்த வருஷக் கிண்ணம் வேண்டும். கீழே திடலைப் பார்க்க அதற்கு இனி அவசியம் இல்லை. நான் மேலே சொன்ன ஏணி இருக்கிறதே, அதை யாரும் உடைக்கவில்லை. யாருக்கும் தேவைப்படாததால் அது தானாகக் கரையான் பிடித்தது.

பணம் வந்த வழியில் அழுக்கும் வந்தது. 1994, 1995இல் ஆட்டத்தை விற்ற ஊழல் வெடித்து, நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள், பலர் தடை செய்யப்பட்டார்கள், சிலர் வேறு மாவட்டத்துக்குக் குடிபெயர்த்து வைக்கப்பட்டார்கள். ஒரு தலைமுறையே போயிற்று. அதில் வெளியாளும் உண்டு, உள்ளூர்க்காரரும் உண்டு.

பிறகு 2009 முதல் 2011 வரை வெளிநாட்டு ஆட்டக்காரரை லீக்கில் தடுத்தார்கள். அந்த மூன்று ஆண்டில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு காலத்தில் சிலாங்கூருக்கு ஆடிய கே. ராஜகோபால் பயிற்சியாளராக இருந்து, லாவோசில் நடந்த 2009 தென்கிழக்காசிய விளையாட்டில் தங்கம் வாங்கிக் கொடுத்தார். 1989க்குப் பிறகு அதுதான் முதல் தங்கம். 2010 டிசம்பரில் அதே ராஜகோபாலின் இளைஞர்கள் இந்தோனேசியாவைத் தோற்கடித்து ஆசியான் கிண்ணத்தை முதன்முறையாக வென்றார்கள். அந்த அணியில் எஸ். குணாளன், கே. குருசாமி என்று நம்ம பிள்ளைகளும் இருந்தார்கள். கோல் போட்ட சஃபி சாலியை 2011இல் இந்தோனேசிய அணி ஒன்று விலைக்கு எடுத்தது. ஆள் வாங்குகிற நாடாக இருந்த நாம் ஆள் அனுப்புகிற நாடானோம்! தடைதான் வெற்றிக்குக் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன், நல்ல பயிற்சியாளர் கையில் நல்ல பிள்ளைகள் கிடைத்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு வாரா வாரம் ஆட இடம் இருந்தது என்பது கண்ணுக்குத் தெரிந்த உண்மை. 2012இல் கதவு மறுபடி திறந்தது.

அதற்கப்புறம் கதை ஒரு வட்டமாகச் சுற்றியது. லீக்கில் கோல் போடுகிற இடத்தில் வெளியாள். அதனால் நாட்டு அணிக்குக் கோல் போட ஆள் இல்லை. அதனால் வெளியாளுக்கே குடியுரிமை கொடு. 2018இல் காம்பியாவில் பிறந்த சுமாரே மலேசிய அணிக்கு ஆடினார், பின்னால் பிரேசில்காரரும் வந்தார். அது சட்டப்படி நடந்தது. ஆனால் 2025 ஜூன் 10ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் வியட்நாமை நாலுக்குப் பூஜ்யம் என்று வென்ற அணியில் ஆடிய ஏழு பேரின் விவகாரம் வேறு. அவர்களின் தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்தவர்கள் என்று காட்டிய பத்திரம் போலியானது என்று ஃபிஃபா கண்டுபிடித்து, செப்டம்பர் மாதம் மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம் போட்டது. ஏழு ஆட்டக்காரருக்கும் ஒரு வருஷத் தடை விதித்தது. மேல்முறையீட்டையும் நவம்பரில் ஃபிஃபா தள்ளியது.

தோட்டத்துக்காரர்கள் இதைப் படித்தபோது என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணில் பால் வெட்டி, பிறப்புப் பத்திரம் தொலைந்த ஒரே காரணத்துக்காகச் சிவப்பு அடையாள அட்டையோடு கண்ணை மூடிய கிழவிகள் எத்தனை பேர். ஒரு தாத்தாவின் பிறப்பைக் காட்ட முடியாமல் பதிவிலாகா வாசலில் பேரன் நாலைந்து வருஷம் நடக்கிறான். பந்து உதைக்கத் தெரிந்தவனுக்குத் தாத்தா உடனே கிடைத்துவிட்டார். அந்த ஏழு பேரும் பிழைக்க வந்தவர்கள். பத்திரத்தை யார் தயார் செய்தது என்பதுதான் கேள்வி.

கோல்கீப்பர் இடமாவது நமக்கு மிச்சம் என்று கொஞ்ச நாள் ஆறுதல் இருந்தது. 2024இல் ஜொகூர் அணி அந்த இடத்துக்கும் ஸ்பெயினிலிருந்து ஆள் கொண்டுவந்தது. ஆறுமுகம் நின்ற இடம்.

இதற்கு நேர்மாறாக நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே ஓர் அணி செய்து பார்த்தது. இந்தியர்களின் காற்பந்துச் சங்க முயற்சியில் பிறந்த அணி, பிறகு பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பேர் மாறியது. பி. மணியம் பயிற்சியாளர். 2022 சூப்பர் லீக்கில் ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரர்கூட இல்லாமல் அந்த அணி ஆடியது. பெரிய அணிகளோடு மோதி மானத்தோடு நின்றது. ஆனால் அந்த ஆண்டோடு லீக்கை விட்டே விலகிவிட்டது. காசு போடுகிறவர் கையை எடுத்தால் அணி நிற்காது, உள்ளூர்ப் பிள்ளைகள் ஆடினாலும் சரி, வெளிநாட்டார் ஆடினாலும் சரி.

வெளியாள் வந்து நம் பையன் சம்பளத்தைச் சாப்பிட்டான் என்று சொல்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சம்பள பாக்கி வைக்கும்போது அணி நிர்வாகம் நிறம் பார்ப்பதில்லை. கெடா அணியில் மாதக்கணக்கில் சம்பள பாக்கி. பேரா அணி 2025இல் லீக்கிலிருந்தே விலகியது. வெளிநாட்டு ஆட்டக்காரன் வக்கீல் வைத்து ஃபிஃபா வரைக்கும் போய் வாங்கிக்கொள்கிறான். உள்ளூர்ப் பையன் மாநிலத்தின் பேரைக் கெடுக்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். ஐரோப்பாவில் பொஸ்மான் என்ற பெல்ஜியம் நாட்டு ஆட்டக்காரர் ஒருவர், ஒப்பந்தம் முடிந்த பிறகும் தன்னை விடாத அணிக்கு எதிராக வழக்குப் போட்டு 1995இல் வென்றார். அதில் உலகத்துக் காற்பந்துச் சந்தையே மாறியது. இங்கேயும் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது, சம்பள பாக்கி வழக்குகளை எடுத்து நடத்துகிறது. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு அது இருப்பதே தெரியாது.

ஆகவே கெட்டிக்காரப் பையன் வைத்திருக்கிற தாய் தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை. அணிக்காரன் காகிதத்தை நீட்டினால் சந்தோஷத்தில் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை வருஷ ஒப்பந்தம், சம்பளம் எந்தத் தேதியில், ஈபிஎஃப்பும் சொக்சோவும் கட்டுகிறார்களா, கால் உடைந்தால் ஆஸ்பத்திரிச் செலவு யார் கையில், நடுவில் நிறுத்தினால் எத்தனை மாதச் சம்பளம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பையன் படிப்பை நிறுத்த வேண்டாம். ஆறுமுகம் காலத்தில் ஆட்டக்காரன் பின்னால் ஓர் உத்தியோகம் நின்றது, இப்போது அந்தக் காகிதம் ஒன்றுதான் நிற்கிறது. மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதியிருந்து புரியாவிட்டால் நம் சங்கக் கிளைக்கு எடுத்து வாருங்கள். செவ்வாய், வியாழன் சாயங்காலம் ஆள் இருப்பார்கள், உட்கார்ந்து படித்துச் சொல்வோம்.